ஈரம் காயாத தேசிக்காய்

ரொறன்ரோவின் ஒன்ராறியோ கலைக்கூடத்தில் நீள்வட்டமான ஒரு பழைய எண்ணெய் வர்ண ஓவியம் இருக்கிறது. மேசையொன்றின் மேல் வாய் கட்டிய கண்ணாடிச் சாடி. அதற்குள் பாகில் ஊறிக்கிடக்கும் அப்பிரிக்கொட் பழங்கள். சுற்றிலும் பாண், கோப்பைகள், வைன் கிளாசுகள். பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் 1758இல் வரைந்தது. 1962இல் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் மகளை அங்கே கூட்டிப்போனேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. படத்தின் முன் நின்று, "அப்பா, அம்மம்மாவின்ர ஊறுகாய்ப் போத்தல்" என்றாள். எனக்கு நினைவுக்கு வந்தது ஊறுகாய்ப் போத்தல் அல்ல, ஜாம் போத்தல் விளக்கு.

தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அந்த விளக்கை விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 1990இற்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமம். சிறிய ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள்ளால் திரியை மேலே எடுத்துக் கொளுத்துவார்கள். ஒரு தலைமுறையே அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதனை எழுதியது. என் பெரியமாமா அந்த வெளிச்சத்தில் பழங்களைக் கீறினார்.

அவர் சித்திர வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பானையையும் வாழைப்பழத்தையும் மேசையில் வைத்துப் பெடியளைக் கீறவைக்கும் உத்தியோகம். யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. சித்திர வித்தியாதரிசியாக இருந்த எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கினார். ஆசிரியர்கள் கூடி மேற்கத்திய முறையில் ஓவியம் பழகிய இடம் அது. மாமா அந்தத் தலைமுறையின் மாணவர்களுக்கு மாணவர். கொழும்புக்குப் போய்வரக்கூடிய காலத்தில் வாங்கிய எண்ணெய் வர்ணக் குழாய்கள் ஒரு பிஸ்கற் ரின்னில் இருந்தன. அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, கடைசித் துளிவரை பிழிந்துதான் பாவிப்பார். துணி இல்லை, ஹாட்போட் துண்டுகளைக் கொப்பியளவில் அறுத்து வைத்திருந்தார். இரவுச் சாப்பாடு முடிந்தபின் பழத்துக்கு ஒரு விளக்கு, பலகைக்கு ஒரு விளக்கு. போத்தலில் விட்ட எண்ணெய் முடிவதற்குள் படமும் முடியவேண்டும். நாளைக்குத் தொடரலாம் என்ற கதையே இல்லை. நாளைக்கு எண்ணெய் இருக்குமோ யாருக்குத் தெரியும்.

அவற்றை அவர் ஓவியம் என்று சொன்னதில்லை. கைப்பழக்கம் என்பார். எப்போதோ பெரிய படங்கள் செய்யப்போவதாகவும் அதற்கு இவை பயிற்சி என்றும்தான் பேச்சு. நாங்களும் அப்படியே நம்பினோம். எவ்வளவு பிழையாக நம்பினோம் என்பதை ஐரி வேலை செய்துகொண்டு, பின்னேரங்களில் நூலகத்தில் பெரிய படப்புத்தகங்களைப் புரட்டித்தான் நான் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சிறிய பழ ஓவியம் கீழ்ச்சாதி என்று தீர்ப்பெழுதியவர்கள் பிரெஞ்சுக்காரர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபெலிபியன் என்ற அறிஞர் ஓவியங்களுக்கு ஒரு படிவரிசை வகுத்தார். புராணமும் வரலாறும் மேலே. அதற்குக் கீழே மனித உருவம், விலங்கு, நிலக்காட்சி. பழமும் பூவும் சிப்பியும் அடியில். அசையாத பொருளைக் கீறுபவனுக்குக் கண் போதும், சிந்தனை வேண்டாம் என்பது வாதம். ஷார்தானை 1728இல் அரச கலைக்கழகத்தில் சேர்த்தபோதும் மிருகங்களும் பழங்களும் வரைபவர் என்றே பதிந்தார்கள். பிறகு 1760களில் திதரோ போன்ற விமர்சகர் அவரைத் தலையில் தூக்கி வைத்தது வேறு கதை. ஆனால் ஷார்தான் மெதுவாக வரைபவர் என்று பெயரெடுத்தவர். மெதுவாக வரைபவனுக்குப் பாகில் போட்டு அடைத்த பழம் வசதி, அழுகாது என்று நான் எனக்குள் சிரித்துக்கொள்வதுண்டு.

மெதுவென்பது அவருடைய குணம் மட்டுமல்ல, எண்ணெயின் குணமும்கூட. நீர்வர்ணம் காய்வது நீர் ஆவியாவதால். ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதில்லை; காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சு தொடும்படி காயச் சில நாட்கள் செல்லும். தடித்த பூச்சுக்குக் கிழமைகள். ஆகவே பழைய ஓவியர்கள் ஒரு படையைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் அடுத்ததைப் பூசினார்கள். ஒரே அமர்வில் முடிப்பதென்றால் காயாத வர்ணத்தின் மேலேயே வர்ணம் வைக்கவேண்டும். இத்தாலியர் அதை அல்லா பிரீமா என்பார்கள். முதல் தடவையிலேயே என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தில் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் இதில் கெட்டிக்காரர். கேட்க இலகு. தூரிகை இரண்டுதரம் கூடப் போனால் கீழே உள்ள கருமை மேலே ஏறி எல்லாம் சேறாகிவிடும். அதனால் இருட்டை முதலில் மெல்லிசாக, வெளிச்சத்தைக் கடைசியில் தடிப்பாக. வைத்தால் வைத்ததுதான், திருத்தத் தொடங்கினால் படம் போய்விடும். மாமா எனக்குச் சொன்ன ஒரே பாடமும் இதுதான்: "வெள்ளையைக் கடைசியா வை. வைச்சிட்டுக் கையை எடு."

பழைய ஓவியர்கள் வர்ணத்தை அரைத்துப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டி வைத்தார்கள். ஊசியால் குத்திப் பிழிந்தால் மிச்சம் காய்ந்து வீணாகும். 1841இல் லண்டனில் வாழ்ந்த ஜோன் கொஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரத்தில் பிழியும் குழாய் செய்து காப்புரிமை எடுத்தார். பற்பசைக் குழாய்க்கே அதுதான் முன்னோடி. அதன்பிறகே ஓவியர் ஒருவர் பத்து வர்ணங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போகவும், அரை மணி நேரம் கிடைத்தால் மூடியைத் திறந்து உட்காரவும் முடிந்தது. மாமாவின் பிஸ்கற் ரின்னும் அந்த வழியில் வந்ததுதான்.

அரை மணி நேரத்தின் அருமையை அறிந்தவர் மனே. பாரிசின் பெரிய ஓவியர். கடைசி வருடங்களில் கால் நரம்பு நோயால் நிற்கவே கஷ்டப்பட்டார். பெரிய துணிகளுக்கு முன் நிற்பது குறைந்தது. அந்தக் காலத்தில்தான் அவர் சிறிய பழங்களையும் பூக்களையும் வரைந்து நண்பர்களுக்குக் கொடுத்தார். 1880இல் வரைந்த எலுமிச்சம்பழம் 14க்கு 22 சென்ரிமீற்றர்தான். கறுத்த தட்டில் ஒற்றைப் பழம், வேறொன்றுமில்லை. அதே வருடம் ஒரு கட்டு அஸ்பரகஸ் தண்டு வரைந்து ஷார்ள் எஃப்ருசி என்ற செல்வந்தருக்கு 800 பிராங்குக்கு விற்றார். எஃப்ருசி 1,000 பிராங் அனுப்பினார். மனே சும்மா இருக்கவில்லை. ஒற்றைத் தண்டை இன்னொரு சிறிய துணியில் வரைந்து, உங்கள் கட்டில் ஒன்று குறைந்துவிட்டது என்ற அர்த்தத்தில் குறிப்பெழுதி அனுப்பினார். கட்டு இப்போது கொலோனில், ஒற்றை பாரிசில். 1883 ஏப்ரலில் இடது காலை வெட்டினார்கள். அந்த மாதமே இறந்தார். நோயாளியின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாத படங்கள் அவை. எனக்கு அவருடைய பெரிய படங்கள் பலவற்றைவிட அந்த எலுமிச்சை பெரிதாகத் தெரிகிறது.

இனி ரொறன்ரோவுக்கு வருகிறேன். ஒரே அமர்வில் சிறு பலகையில் எண்ணெய் வர்ணம் என்று சொன்னால் இந்த நகரத்தில் எவரும் முதலில் சொல்லும் பெயர் ரொம் தொம்சன். அவர் பழம் வரையவில்லை. ஏரியும் மரமும் வானமும் வரைந்தார். பொருளை அருகில் வைத்துப் பார்ப்பதற்குக் கிட்டவருவது கறுத்த பின்னணியில் அவர் செய்த காட்டுப்பூப் படங்கள்தான். ஆனால் அவரில் எனக்கு முதலில் பிடித்தது ஓவியமல்ல, உத்தியோகம். 1877இல் பிறந்து, முப்பது வயது கடந்தபின் ரொறன்ரோவில் கிறிப் லிமிட்டெட் என்ற வர்த்தக வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தார். விளம்பரத்துக்கு எழுத்தும் கோலமும் வரையும் வேலை. ஜே. இ. எச். மக்டொனால்ட், ஆதர் லிஸ்மர், பிராங்ளின் கார்மைக்கேல் எல்லாரும் அங்கே சகாக்கள். கிழமை நாட்களில் வாடிக்கையாளருக்கு, சனி ஞாயிறில் தங்களுக்கு. கனடிய ஓவியத்தின் பெருமை என்று பாடப்புத்தகம் சொல்லும் இயக்கம் வார இறுதி ஆட்களால் தொடங்கியது என்பதில், வார இறுதி ஆளான எனக்கு ஒரு ஆறுதல்.

1912இல் முதல்முறை அல்கொங்குவின் காட்டுக்குப் போனார். ஐந்தே வருடங்களில் ஏறக்குறைய 400 சிறு பலகைகள். பெரும்பாலும் எட்டரை அங்குலத்துக்குப் பத்தரை அங்குலம். நம் கொப்பியை விடச் சற்றே அகலம். பெரிய துணிகள் ஐம்பதளவில்தான். மக்கலம் என்ற கண் வைத்தியர் ஒரு வருடச் செலவைப் பொறுப்பேற்றதால் வேலையை விட முடிந்தது. குளிர்காலத்தில் செவெர்ன் வீதியில் 1914இல் கட்டிய ஸ்ரூடியோ கட்டடத்தின் பின்புறமிருந்த கொட்டிலில் மாதம் ஒரு டொலர் வாடகைக்கு இருந்து, சில பலகைகளைப் பெரிய துணிக்கு மாற்றினார். கட்டடம் இன்றும் ரோஸ்டேல் சப்வே நிலையத்துக்குக் கிட்ட நிற்கிறது. கொட்டிலைக் கிளைன்பேர்க்கில் மக்மைக்கல் கலைக்கூட வளவுக்கு நகர்த்திவிட்டார்கள்.

1917 வசந்தத்தில் பனி உருகுவதை நாளுக்கொரு பலகையாக வரைந்ததாகவும், 62 நாளுக்கு 62 பலகை சேர்ந்ததாகவும் தொம்சன் சொன்னாரென்று காட்டுக் காவலர் மார்க் ராபின்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்த யூலை 8ஆம் திகதி கனோ ஏரியில் தோணியோடு போனவர் திரும்பவில்லை. எட்டு நாட்களின் பின் உடல் மிதந்தது. வயது 39. மிஞ்சிய பலகைகளுக்கு நண்பர்கள் அவருடைய முதலெழுத்துகளோடு முத்திரையிட்டு வைத்தார்கள். அவருடைய பெரிய படமான மேற்குக் காற்று 1926இல் ரொறன்ரோ கனடியன் கிளப்பின் அன்பளிப்பாகக் கலைக்கூடத்துக்கு வந்தது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் சிறு பலகைகள் இருக்கும் பக்கமும் போகவேண்டும். பெரிய துணியில் கோடு நேர்த்தியாகிக் காற்று நின்றுவிடுகிறது. பலகையில்தான் காற்று அடிக்கிறது. விலையும் அதைத்தான் சொல்கிறது: 2009இல் கனோ ஏரியின் இளவசந்தத்தைக் காட்டும் ஒரு பலகை 27 இலட்சம் டொலருக்கு மேல் போனது. கைப்பழக்கம்!

விலையை விட்டுவிடுங்கள். தொம்சனிடம் நான் போய் நின்றது அவருடைய பெட்டிக்காக. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் 1995 ஒக்ரோபர் 29ஆம் திகதி இரவைச் சொல்லவேண்டும்.

அன்று மாமா இரண்டு தேசிக்காய்களைத் தட்டில் வைத்துக் கீறினார். ஒன்று முழுசு, ஒன்று வெட்டியது. செல் சத்தம் கிட்ட வந்துகொண்டிருந்த நாட்கள். நான் பக்கத்தில் இருந்து விளக்கைத் தூண்டினேன். எனக்குப் பதினாறு வயது. மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சள் நிறம் வெளிறித் தெரியும். அதனால் இரவில் போதாது போதாதென்று மஞ்சளைக் கூட வைத்துவிடுவார். விடிந்ததும் பழம் கண்ணைப் பறிக்கும், அவரே சிரிப்பார். 30ஆம் திகதி விடியவும் அப்படித்தான் சிரித்தார். பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார். வர்ணத்தை இளக்க வேறொன்றும் கிடைக்காமல் மண்ணெண்ணெயைத்தான் தொடுவார். விளக்குக்கும் தூரிகைக்கும் ஒரே போத்தல். மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. ஆகவே அவருடைய படங்கள் மற்றவர்களுடையதைவிடப் பிந்தியே காயும்.

அன்று பின்னேரம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லாரும் தென்மராட்சிப் பக்கம் போகவேண்டும். மிச்சத்தை எங்கள் தலைமுறை எழுதி எழுதித் தீர்த்துவிட்டது: மழை, நாவற்குழிப் பாலம், அடி வைக்க இடமில்லாத சனம். நான் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் சொல்கிறேன். வீட்டில் ஒரு தோள்பை என் பொறுப்பில் இருந்தது. எல்லாருடைய பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், அக்காவின் ஓ.எல். சேர்ட்டிபிக்கேற், காணி உறுதி. மாமா காய்ந்த பலகைகளை விட்டுவிட்டார். பாரம். ஆனால் அந்த ஈரப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். கொப்பியளவு. "இதை மட்டும் வை, தம்பி."

நான் வைக்கவில்லை. "சேர்ட்டிபிக்கேற்றில ஒட்டிப்போகும், மாமா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பப் போய்ச் சுவரில் சாய்த்து வைத்தார். நான் சொன்னது பிழையுமில்லை. ஒட்டித்தான் இருக்கும். அந்தப் பையில் இருந்த தாள்கள் பின்னர் கொழும்பிலும் லண்டனிலும் தேவைப்பட்டன. முதுகலை விண்ணப்பத்தோடு இணைத்த பிறப்பத்தாட்சியில் மழைக்கறை இருந்தது, வர்ணக்கறை இருக்கவில்லை. 1996இல் மாமா திரும்பிப் போனபோது வீடு பாதிதான் நின்றது. பலகை ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தின் முக்கியமான ஓவியரான மாற்குவின் படைப்புகளிலேயே எத்தனையோ அந்த இடப்பெயர்வில் போயின. ஒரு சித்திர வாத்தியாரின் ஹாட்போட் துண்டுகளை யார் கணக்கெடுப்பது.

இப்போது பெட்டி. தொம்சன் தோணியில் போனவர். மழையும் அலையும் உண்டு. காலையில் வரைந்தது மாலையிலும் ஈரம். அப்படியிருந்தும் நூற்றுக்கணக்கான பலகைகள் கசங்காமல் ரொறன்ரோ வந்து சேர்ந்தன. எப்படி? அவரைப் போன்றவர்கள் கொண்டுபோன சிறு மரப்பெட்டியைத் திறந்தால் மேசையாகும், தட்டு உள்ளே, மூடியின் உட்புறத்தில் காடிகள் வெட்டியிருக்கும். பலகை அந்தக் காடிக்குள் ஓரத்தால் மட்டும் செருகி நிற்கும். வர்ணம் பூசிய முகம் ஒன்றிலும் படாது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் விரலளவு வெறும் காற்று. பலகைகள் எல்லாம் ஒரே அளவாக இருப்பதற்கும் காரணம் அதுவே. பெட்டியின் அளவுதான் ஓவியத்தின் அளவு. எந்த விமர்சகரின் படிவரிசையிலும் இந்தக் காடிக்கு இடமில்லை. அது இல்லாவிட்டால் கனடிய ஓவிய வரலாற்றில் பாதி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும்.

பெட்டி இல்லாதவர்களுக்கும் வழி இருந்தது. இரண்டு பலகைகளை முகத்துக்கு முகம் வைத்து, நான்கு மூலையிலும் ஒவ்வொரு சின்னத் தக்கைத் துண்டையோ தீக்குச்சியையோ செருகிக் கயிற்றால் கட்டிவிடுவது. ஓவியர்களுக்கு எல்லாம் தெரிந்த பழைய கைமருந்து. அதை வாசித்த இரவு நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கனநேரம் சமையலறையில் இருந்தேன். வீட்டில் ஹாட்போட் துண்டுக்குக் குறைவில்லை. நான்கு குச்சி. ஒரு முழக் கயிறு.

அதன்பிறகுதான் நானும் தொடங்கினேன். ஆறங்குலத்துக்கு எட்டங்குலப் பலகை, ஞாயிறு இரவு, மேசை விளக்கு ஒன்று. இதில் நான் புதுமை எதுவும் செய்யவில்லை. 2004 டிசம்பரில் அமெரிக்காவின் வேர்ஜினியாவில் டுவேன் கைசர் என்ற ஓவியர் நாளுக்கொன்றாகத் தபாலட்டை அளவில் வரைந்து இணையத்தில் போட்டு விற்கத் தொடங்கினார். அடுத்த சில மாதங்களில் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் ஜூலியன் மெரோ-ஸ்மித் என்ற ஆங்கிலேயர் அதையே செய்தார். கலைக்கூட முகவர் யாரும் இடையில் இல்லை. ஒரு பழம், ஒரு கோப்பை, ஒரு அமர்வு. அவர்களைப் பார்த்து உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டு மேசையில் பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஃபெலிபியன் கல்லறையில் புரண்டிருப்பார். இவற்றில் பெரும்பான்மை சாதாரணமான படங்கள்தான், என்னுடையவை உட்பட. ஆனால் இரண்டு மணி நேரம் ஒரு தோடம்பழத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேறெந்தச் சாட்டு எனக்குக் கிடைக்கும்? வேலையில் ஒரு திட்டம் முடிய இரண்டு வருடம் செல்கிறது. முடிந்த நாளில் யாருக்கும் அது ஏன் தொடங்கியதென்று நினைவிருப்பதில்லை.

போன மார்கழியில் மார்க்கம் வீதித் தமிழ்க் கடையில் தேசிக்காய் வாங்கி, ஒன்றை வெட்டி வைத்துக் கீறினேன். மஞ்சளை அடக்கித்தான் வைத்தேன். மின்விளக்கில் அந்தச் சிக்கல் குறைவு. படத்தை யாழ்ப்பாணத்துக்கு மாமாவின் தொலைபேசிக்கு அனுப்பிவிட்டு அழைத்தேன். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. நிழல் சூடாக இருக்கிறது, இன்னும் குளிர வேண்டும் என்றார். பிறகு நான் முப்பது வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். பையையும் சேர்ட்டிபிக்கேற்றையும் பற்றி. அவருக்கு நினைவிருந்தது.

"அதெல்லாம் கைப்பழக்கத்துக்குக் கீறினது. மழைநாளில ஆரும் அடுப்பெரிக்க உதவியிருக்கும்" என்றார்.

நான் விடவில்லை. தொம்சனின் பெட்டியைச் சொன்னேன். இரண்டு பலகை, நாலு மூலைக்கும் நாலு நெருப்புக்குச்சி, கட்டியிருந்தால் கொண்டுவந்திருக்கலாம் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தார்.

"தம்பி, அப்ப நெருப்புக்குச்சிக்கே தட்டுப்பாடு. நாலு குச்சியைப் படத்துக்குச் செலவழிக்க உன்ர மாமி விட்டிருப்பாவோ?"